சித்திரைக்கனி காலில் இருந்த கண்ணாடி

கண்ணாடி தண்ணீரில் கரையுமா என்று கேட்கிறவர்கள் எங்கள் சிப்பிக்காட்டு உப்பளத்துப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். வந்திருந்தால், அந்த வருஷம் ஆவணியிலிருந்து மாசி வரைக்கும் சித்திரைக்கனியின் இடது காலுக்குள் ஒரு கண்ணாடி கரைந்துகொண்டிருந்ததை, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஜன்னலாய்த் திறந்து கிடந்த தோல் வழியே, நாங்கள் அத்தனை பேரும் பார்த்த மாதிரி அவர்களும் பார்த்திருப்பார்கள். நான் பொய் சொல்கிறவள் இல்லை. இந்த முத்தாரம்மாளுக்கு வாய் நீளம் என்று வேண்டுமானால் சொல்லுவார்கள். அது வாஸ்தவம்தான், அந்த வாயால்தான் பாதிக் கேடும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சித்திரைக்கனி என் அடுத்த வீட்டுக்காரி. பதினேழு வருஷமாக அவளும் நானும் ஒரே அளத்தில், ஒரே பாத்தி வரிசையில் உப்புச் சுமக்கிறோம். நான் பேசுவேன், அவள் கேட்பாள், அப்படித்தான் எங்கள் சிநேகிதம். ஆவணியில், மழைக்கு முன்னால் கிடக்கிற உப்பையெல்லாம் அம்பாரமாகக் குவித்துவிட வேண்டும் என்று கங்காணி காலில் வெந்நீர் ஊற்றின மாதிரி எங்களை விரட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், மலை போல் குவிந்த உப்பின் மேல் ஏறியவள் தலைக்கூடையோடு சறுக்கி விழுந்தாள். முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. பின்னால் ஏறிக்கொண்டிருந்த எனக்கு இன்றைக்கும் அது காதில் இருக்கிறது.

டவுன் ஆஸ்பத்திரியில் ஃபிலோமின் என்று ஒரு எலும்பு டாக்டரம்மா. அவள் இரும்புத் தகடு வைக்க மாட்டேன் என்றாள். சித்திரைக்கனி புருஷன் லிங்கதுரை, லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன், ஆள்தான் பனைமரம், மனசு பஞ்சு, அவனையும் என்னையும் எங்களோடு உப்புச் சுமக்கிற எட்டுப் பெண்பிள்ளைகளையும் வராந்தாவில் நிற்க வைத்து விளக்கினாள்.

"இரும்பு வச்சா எல்லாப் பாரத்தையும் அதுவே தாங்கிக்கும், எலும்பு சோம்பேறி ஆயிடும். அப்புறம் அதைக் கழட்ட இன்னொரு தடவை காலைத் திறக்கணும். நான் வைக்கப்போறது கண்ணாடி. எலும்புல இருக்கிற பாஸ்பேட்டையும் சுண்ணாம்புச் சத்தையும் உருக்கிச் செஞ்ச கண்ணாடி. உடம்புல ஊறுற தண்ணியிலயே கொஞ்சம் கொஞ்சமா கரையும். அது மெலிய மெலிய, பாரம் எலும்பு மேல இறங்கும். சுண்ணாம்பு குறைஞ்சா சீக்கிரம் கரையும், ஒரு துளி இரும்பு சேர்த்தா மெதுவா கரையும். இவங்களுக்கு ஆறு மாசத்துக்குன்னு கலந்தது. ரெண்டு மாசம் போனதும் காலை ஊன்ற ஆரம்பிக்கணும். ஊன்ற ஊன்றத்தான் எலும்பு வளரும். கண்ணாடி போறதுக்குள்ள எலும்பு வந்துடணும். வரலைன்னா கால் மடங்கிடும், அப்புறம் சுமைங்கிற பேச்சே கிடையாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று பத்துத் தலையும் ஆடின. எங்கள் மண்டையில் ஏறியது 'கரையும்' என்கிற ஒரு சொல் மட்டும்தான்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தபோது கட்டுக்கு அடியில் தோல் இருந்தது, ஆனால் தெரியவில்லை. கிணற்றுத் தண்ணீர் தெளிந்த மாதிரி இருந்தது. உள்ளே எலும்பு, எலும்பில் குறுக்கே ஒரு விரிசல், விரிசலுக்கு மேலே சாய்த்து வைத்த விரல் மாதிரி பளிச்சென்று கண்ணாடித் தகடு. டாக்டரம்மா குனிந்து பார்த்தாள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தாள், நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள், 'காயம் சுத்தம், உள்ளே தெரிகிறது' என்று சீட்டில் எழுதினாள்.

"நல்லதாப் போச்சு, எக்ஸ்ரே ரூமுக்கு அலைய வேண்டாம்" என்றாள்.

"வலிக்குதாளா?" என்று லிங்கதுரை கேட்டான்.

"வலிக்கல. கொஞ்சம் குளுருது" என்றாள் சித்திரைக்கனி.

ஊர் என்றால் ஊர்தான். முதல் வாரம் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போகிறவர்களெல்லாம் அவள் வீட்டு வாசலில் குடத்தை வைத்துவிட்டு உள்ளே வந்து கால் பார்த்துவிட்டுப் போனார்கள், அதனால் லாரிக்காரன் அரைமணி நேரம் பிந்தினான், பிந்தினவன் ஏன் என்று கேட்டு அவனும் வந்து பார்த்தான். அம்மன் கோயில் பூசாரி வந்து ஜன்னலைச் சுற்றிக் குங்குமம் வைத்தார், உபதேசியார் வந்து அதே இடத்தில் சிலுவை போட்டு ஜெபித்தார், இருவரும் ஒன்றாகப் போய் டீ குடித்தார்கள். டவுனிலிருந்து டிவிக்காரன் ஒருவன் வந்தான், அவன் கேமராவில் வெறும் கால்தான் தெரிந்தது, செல்போனில் எடுத்தாலும் அப்படித்தான், நேரில் பார்க்கிற கண்ணுக்கு மட்டும்தான் அது திறந்தது என்பதால் அவன் திட்டிக்கொண்டே போனான். பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து எலும்புப் பாடம் நடத்தினாள். இரண்டாம் வாரம் ரோஸ்லின், எங்கள் கூட்டத்தில் தையல் மிஷின் வைத்திருக்கிறவள், "ஒரு பொம்பளைக்கு ஜன்னல்னா திரை வேண்டாமா, வாரவன் போறவன்லாம் எட்டிப் பாக்கான்" என்று சொல்லி ஜாக்கெட் துணியில் எலாஸ்டிக் வைத்து ஒரு சின்னத் திரை தைத்து மாட்டினாள். அதற்குப் பிறகு திரையை விலக்கிப் பார்க்க அவளிடம் கேட்க வேண்டும் என்று ஆனது.

ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்த அன்றைக்கு நான் திரையை விலக்கிப் பார்த்தேன். தகட்டின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. முதல் தூறல் பட்ட கல்லுப்பின் முனை எப்படி மழுங்குமோ, அப்படியே.

"ஐயையோ, கரையுதுளா!" என்று கத்தினேன்.

நாங்கள் உப்புக்காரர்கள். எங்களுக்குக் கரைவது என்றால் போவது. ராத்திரி பகலாய் வாரிக் குவித்ததெல்லாம் ஒரு மழையில் கரைந்து ஓடுவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள், கரையட்டும் என்று வாயால் சொல்லக்கூட வராது எங்களுக்கு. டாக்டரம்மா சொன்னதெல்லாம் அந்த மழையோடு போயிற்று. அம்பாரத்துக்கு என்ன செய்வோமோ அதை அந்தக் காலுக்குச் செய்தோம். அவள் கட்டிலுக்கு மேலே தார்ப்பாய் கட்டினோம், ஈரம் உறிஞ்சக் கட்டிலின் நாலு காலிலும் உப்புப் பொட்டலம் தொங்கவிட்டோம், குளிக்க வேண்டாம் என்று ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்துவிட்டோம், ரசத்தைக் குறைத்துத் துவையலைக் கூட்டினோம், தாகம் என்றால் அரை டம்ளர், இன்னொரு அரை டம்ளர் கேட்டால் "கரைஞ்சிரும்ளா" என்று கையைப் பிடித்தோம், அவள் முன்னால் யாரும் துக்கமான சேதி பேசக் கூடாது, அவள் அழுதால் உள்ளே தண்ணீர் இறங்கும் என்று ஊரே ஒரு வார்த்தையில் நின்றது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. காலை ஊன்ற வேண்டிய நாள் வந்து, அவள் கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கியபோது, இந்த வாய் சும்மா இருந்ததா?

"என்ன காரியம் செய்யுத! பூத்த பாத்திக்குள்ள எவளாவது காலை வைப்பாளா?" என்று நான்தான் சொன்னேன்.

பாத்தியில் உப்புப் பூக்க ஆரம்பித்துவிட்டால் அதில் கால் படக் கூடாது. பட்டால் பூ உடைந்து, சேறு கலங்கி, அத்தனையும் பாழ். எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே கற்கிற சட்டம் அது. நான் சொன்னதும் எட்டுப் பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். லிங்கதுரை அவள் காலைத் தூக்கி மறுபடியும் கட்டிலில் வைத்தான்.

அன்றிலிருந்து அவளைச் சுமந்தோம். மழைக்காலம், அளத்தில் வேலை இல்லை, எங்கள் தலைகளும் சும்மாதான் கிடந்தன. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கம்பு கட்டி, நாலு நாலு பேராக முறைபோட்டுத் தூக்கினோம். ரேஷன் கடைக்கு நாற்காலி, கோயிலுக்கு நாற்காலி, ஒருநாள் ரோஸ்லின் அக்கா மகள் கல்யாணத்துக்கு நாற்காலி, பொண்ணு மாப்பிள்ளையை விட்டுவிட்டு எல்லாரும் இவளைப் பார்த்தார்கள். அவளும் முதலில் வெட்கப்பட்டாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் ஒருநாள் நாற்காலியில் இருந்தபடியே என் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

"எக்கா, பதினேழு வருஷமா நான் சுமந்தேன். என்னை ஒருத்தர் சுமப்பாகன்னு நான் நெனச்சதே இல்ல."

அதற்குப் பிறகு அவளைக் கீழே விட யாருக்கு மனசு வரும்?

மார்கழியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், நாற்காலியோடு, தார்ப்பாயோடு, உப்புப் பொட்டலத்தோடு. டாக்டரம்மா திரையை விலக்கிப் பார்த்தாள். தகடு வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருந்தது. விரிசல் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது, அதற்குள் ஏதோ கூழ் மாதிரி கொஞ்சம், அவ்வளவுதான்.

"எத்தனை நாளா ஊன்றுறீங்க?"

சித்திரைக்கனி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஊன்றல டாக்டரம்மா. கரையாமப் பாத்துக்கிட்டோம். ஒரு சொட்டுத் தண்ணி படல" என்றான் லிங்கதுரை, ஏதோ பரிசு வாங்கப்போகிறவன் மாதிரி.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அவங்க உடம்பே பாதிக்கு மேல தண்ணிதானே. உள்ள இருக்கிற தண்ணிய எந்தத் தார்ப்பாய் போட்டு மூடுவீங்க? அது அது பாட்டுக்குத்தான் கரையும், அது கரையறதுக்குன்னு வந்தது. வராதது எலும்பு. இன்னும் ரெண்டு மாசம்கூட இல்ல. இப்பவாவது காலைக் கீழ வைங்க. இல்லைன்னா மாசியில இந்தக் கால் மடங்கிடும், நானே வந்தாலும் நேராக்க முடியாது."

வீட்டுக்கு வந்ததும் சித்திரைக்கனி காலை இறக்கப் பார்த்தாள். லிங்கதுரை குறுக்கே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மதினி, நீங்களே சொல்லுங்க. வெங்காயத் தோலு கனத்துல இருக்கு. இவ ஊன்றினா உள்ளயே நொறுங்கிச் சில்லு சில்லாப் போயிராதா? அந்தச் சத்தத்த நான் கேக்கணுமா?" என்று அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அழுவதைப் பார்த்துவிட்டு அவள் காலை எடுத்துக்கொண்டாள். அவன் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. நாங்கள் முறைபோட்டுச் சுமந்தது ஒருநாளும் நிற்கவில்லை. அவள் மட்டும் அதற்கப்புறம் நாற்காலியில் சிரிக்கவில்லை. பகல் முழுக்கத் திரையை விலக்கி, தன் காலுக்குள்ளேயே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்தது. மழை வடிந்தது. அளத்தில் பாத்தி மிதிக்கக் கூப்பிட்டார்கள்.

மழைத் தண்ணீர் நின்று ஊறின பாத்தியின் அடி பொதுபொதுவென்று கிடக்கும். அதில் அப்படியே உப்புத் தண்ணீரை விட்டால் பூமி குடித்துவிடும், ஒரு பருக்கை உப்புக் கிடைக்காது. அதனால் வரிசையாக நின்று, தோளோடு தோள் பிடித்து, இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கும் அந்த வரப்பிலிருந்து இந்த வரப்புக்கும் நாள் கணக்கில் மிதிப்போம், மிதிக்க மிதிக்கச் சேறு இறுகி, இறுகின சேறு தளமாகி, தளத்தில்தான் தண்ணீர் நிற்கும். அந்த வரிசைக்கு முதல் ஆள் வருஷா வருஷம் சித்திரைக்கனிதான். இந்த வருஷம் என்னை வரப்பிலாவது உட்கார வையுங்கள் என்று கெஞ்சினாள். நாற்காலியோடு கொண்டுபோய் வைத்தோம்.

ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் பதினோரு மணி வெயிலில், நாங்கள் கஞ்சி குடிக்கக் கரையேறினபோது, அவள் திரையைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"எக்கா, இங்க வா. இதுக்குள்ள பாரு. விரிசலுக்குள்ள கெடக்கே, அது என்ன மாதிரி இருக்கு?"

பார்த்தேன். "சேறு மாதிரி இருக்கு."

"பூத்த உப்பு மாதிரி இருக்கா?"

"இல்லளா. ஊறின சேறுதான்."

"மிதிக்காத பாத்தியில தண்ணி நிக்குமா?"

"அது எப்படி நிக்கும்?"

"அப்ப பூத்த பாத்தின்னு ஏன் சொன்ன?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது போட்டிருப்பேன். "இது இன்னும் தண்ணியே விடாத பாத்தி, எக்கா. மூணு மாசமா மிதிக்க விடாமப் பொத்தி வச்சிட்டிய எல்லாரும்."

என் கையில் கஞ்சித் தூக்கு இருந்தது. அதைக் கீழே வைத்தேன். எட்டுப் பேரும் அவளையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் நின்றார்கள். பதினேழு வருஷத்தில் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்டது அன்றைக்குத்தான். பாவி நான், பாசத்தில் செய்தேன் என்று சொன்னால் கால் வந்துவிடுமா? போய் லிங்கதுரையை லாரியிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தேன். "அவ சொல்றதக் கேளு. குறுக்க வந்தேன்னா உன்னை இந்தச் சேத்துலயே புதைச்சிருவேன்" என்றேன். அவன் அவள் சொன்னதைக் கேட்டான். கேட்டுவிட்டு அவனே அவளைத் தூக்கிப் பாத்திக்குள் இறக்கினான், இறக்கிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான்.

எட்டுப் பேரும் நானும் அவளைப் பிடித்தோம். இடது கால் சேற்றில் பட்டது. ஒன்றும் நொறுங்கவில்லை. இன்னொரு மிதி. ரோஸ்லின் சேற்றில் முழங்கால் போட்டு ஜன்னலுக்கு நேரே முகத்தை வைத்திருந்தவள், "வருதுளா! வருது!" என்று கூவினாள். விரிசலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வெள்ளை இழை ஒன்று, பாத்தியில் முதல் உப்புக் கோடு விழுகிற மாதிரி, மெள்ள ஓடிக்கொண்டிருந்தது. கங்காணி கூட வரப்பில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அன்றைக்கு அவர் யாரையும் விரட்டவில்லை.

அதற்கப்புறம் தினமும் மிதித்தாள். டாக்டரம்மா கேள்விப்பட்டு, வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். மிதிக்க மிதிக்க உள்ளே இழை நூலாகி, நூல் கயிறாகி, கயிறு பாலமாகி வந்தது, அதே கணக்குக்குக் கண்ணாடி சருகாகி, சருகு ஆவியாகி வந்தது. கண்ணாடி மெலிகிற அளவுக்கு அவள் எங்களையும் குறைத்தாள். நாலு நாளைக்கு ஒருத்தி. "நாளையிலிருந்து பேச்சியம்மா வேண்டாம்" என்பாள். பேச்சியம்மாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவாள், மூன்றாம் வீட்டில் போய் அழுவாள், மறுநாள் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பாள். ரோஸ்லினை விலக்கின அன்றைக்கு ரோஸ்லின் சண்டையே போட்டாள், திரை தைத்துக் கொடுத்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று. லிங்கதுரையை விலக்கினபோது அவன் அந்த நாற்காலியைக் கொண்டுபோய் டீக்கடையில் போட்டுவிட்டு வந்தான்.

மாசி பதினொன்றாம் தேதி நான் ஒருத்திதான் மிச்சம். அவள் முழங்கை என் கையில். கடைசிப் பாத்தி, இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். காலையில் பார்த்தபோது நகக்கீறல் அளவுக்கு ஒரு மினுக்கு இருந்தது. பாதிப் பாத்தியில் அவள் நின்றாள், குனிந்தாள், நானும் குனிந்தேன். மினுக்கு இல்லை. தகடு இருந்த இடத்தில் எலும்பு மட்டும் இருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க ஓரத்திலிருந்து தோலுக்கு நிறம் ஏறிற்று, கறுப்பாய், வெடிப்பு வெடிப்பாய், உப்பளத்துக்காரி காலுக்கு இருக்கிற தோல், நாலு பக்கமும் வந்து நடுவில் மூடிக்கொண்டது. இனிமேல் உள்ளே என்ன இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

"எக்கா, கைய விடு."

"நாளைக்கு விடுதேன்ளா. இப்பத்தானே மூடிருக்கு. உள்ள எப்படி இருக்கோ என்னமோ."

"எக்கா."

"வரப்பு வரைக்கும் வாரேன். அங்க போயி விடுதேன். நான் செஞ்ச பாவத்துக்கு அதையாவது செய்யவிடு."

"நான் விழுந்தா உன் குத்தம் இல்ல. விடு."

விட்டேன். எப்படி விட்டேன் என்று கேட்காதீர்கள், விரல் ஒவ்வொன்றாகத்தான் வந்தது. அவள் நடந்தாள். எனக்கு அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், சேற்றில் அவள் கால் எடுக்கிற சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. என் முன்னால் அவள் அடிகள் பதிந்து கிடந்தன. குந்தி உட்கார்ந்து வலது அடிக்குள் விரலை விட்டேன், இரண்டாவது ரேகை வரைக்கும் போயிற்று. இடது அடிக்குள் விட்டேன். இரண்டாவது ரேகை. அடுத்த ஜோடியிலும் விட்டுப் பார்த்தேன். இரண்டாவது ரேகை, இரண்டாவது ரேகை. இரண்டு காலுக்கும் ஒரே பாரம்.

"எக்கா, என்னத்தத் தேடுத?" என்று அந்த வரப்பிலிருந்து குரல் வந்தது.

எழுந்திருக்கப் பார்த்தேன். சேறு காலைப் பிடித்துக்கொண்டது, கண் வேறு மறைத்தது.

"வந்து ஒரு கை குடுளா" என்றேன்.

அவள் திரும்பி வந்து கொடுத்தாள்.